கரடி விட்ட கதை: ஒரு மின்னஞ்சலை நம்பி நான் இழந்தவை

2002ஆம் ஆண்டு நான் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு ப்ரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் வங்கி கொடுத்த கடனும், அது போதாமல் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற பணமும் சேர்ந்துதான் அந்தக் கடையில் எட்டுக் கணினிகளாகவும் பிளைவுட் தடுப்புகளாகவும் நின்றன. ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய் வாங்கினேன். கணினி அறிவியலில் பட்டம் பெற்றவள் என்பதால் அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு நான்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவள், எனக்கும் அந்த எண்ணம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விவரம் தெரியாதவர்கள்தான் இப்படிப்பட்ட கடிதங்களில் ஏமாறுவார்கள் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அரைகுறையாக விவரம் தெரிந்தவர்கள்தான் முதலில் விழுகிறோம், விழும்போது நம்மை நம்பியவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறோம்.

என் கடைக்கு நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் எழுதுவதற்காகவே அறுபத்தைந்து வயதில் தட்டச்சு பழகியவர். மே மாதத்தில் ஒருநாள், "தாயி, இதக் கொஞ்சம் வந்து பாரு" என்று என்னை அழைத்தார். அவருடைய பழைய மாணவர் ஒருவர், வங்கியில் அதிகாரியாக இருப்பவர், அனுப்பிய கடிதம் திரையில் இருந்தது. ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்ற பெயரில் ஒரு வைரஸ் பரவிக்கொண்டிருக்கிறது, அது முகவரிப் பட்டியல் வழியாகத் தானாகவே நண்பர்களுக்குச் சென்றுவிடுகிறது, நார்ட்டன், மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள்களாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, பதினான்கு நாள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு கணினியையே நாசமாக்கிவிடும், ஆகவே உடனே தேடி அழியுங்கள், அழித்த கையோடு உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் இந்தச் செய்தியை அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அடையாளமும் கொடுத்திருந்தார்கள்: அந்தக் கோப்பின் சின்னம் ஒரு சிறிய கரடிப் பொம்மையாக இருக்குமாம்.

நான் உடனே நம்பிவிடவில்லை. கெட்டிக்காரத்தனமாகச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கணினியில் கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்டில் அந்தப் பெயரைத் தட்டினேன். இரண்டு நொடியில் விண்டோஸ் கோப்புறைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் கரடி என்னைப் பார்த்தது. வயிற்றைக் கலக்கியது என்று சொன்னால் அது வெறும் வழக்குச்சொல் அன்று, உண்மையாகவே கலக்கியது. அடுத்த கணினிக்குப் போனேன், அங்கும் கரடி. எட்டிலும் கரடி. கண்ணால் கண்ட பிறகு எதை விசாரிப்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தப் புரட்டின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அந்தக் கடிதம் தன்னை நிரூபிக்கும் சான்றை என் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொள்ளச் சொன்னது. கரடிப் படம் போட்ட அந்தக் கோப்பு, ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறு கருவி. அது இல்லாத கணினியைத்தான் அந்நாளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆக, தேடியவர் அனைவருக்கும் கிடைத்தது, கிடைத்தவர் அனைவரும் நம்பினர். வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் செய்வினை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக, எலுமிச்சை மரத்தடியிலேயே வீடு கட்டியிருப்பவர் பதறுவதைப் போன்றது அது. நார்ட்டனுக்கும் சிக்காது என்ற வரியும் அப்படித்தான், சரிபார்க்கக்கூடிய ஒரு வழியை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று அது சொன்னபோது என் பயம் குறையவில்லை, கடிதத்தில் சொன்னது சரியாக இருக்கிறதே என்று கூடியது.

அன்றைய பயத்துக்கு அடித்தளமும் இருந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்று அழைக்கப்பட்ட சிஐஎச் வைரஸ் பல கணினிகளை உண்மையாகவே செயலிழக்கச் செய்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் "ஐ லவ் யூ" என்ற தலைப்புடன் வந்த மின்னஞ்சல் உலகம் முழுவதும் அலுவலகங்களை முடக்கியது. இவை கட்டுக்கதைகள் அல்ல. அதே சமயம் 1994இல் "குட் டைம்ஸ்" என்று ஒரு புரளி, கடிதத்தைப் படித்தாலே கணினி கெட்டுவிடும் என்று சுற்றியது. 2001இல் சல்ஃப்என்பிகே என்ற மற்றொரு விண்டோஸ் கோப்பை வைரஸ் என்று சொல்லி அழிக்கச் செய்த கடிதமும் வந்தது. உண்மையும் பொய்யும் ஒரே உடையில் வந்த காலம் அது. பிறகு யோசித்தபோது அவற்றைப் பிரிக்கும் ஒரு கோடு எனக்குப் புலப்பட்டது: உண்மையான வைரஸ் எச்சரிக்கை தேதியோடும், எந்த விண்டோஸ் பதிப்புக்கு ஆபத்து என்ற விவரத்தோடும், அதைச் சொன்ன நிறுவனத்தின் பக்கத்தோடும் வரும். அனைவருக்கும் அனுப்பு என்று அது நம்மைக் கெஞ்சாது.

அன்று எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. எட்டுக் கணினிகளிலும் கரடியை அழித்து, அழித்த கோப்புகள் போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பிறகு வாடிக்கையாளர்களின் பதிவு நோட்டை எடுத்து, அதில் மின்னஞ்சல் முகவரி எழுதியிருந்த 160 பேருக்கும் கடிதத்தை அனுப்பினேன். வந்ததை அப்படியே அனுப்பாமல், "எங்கள் கடையில் சோதித்துப் பார்த்தோம், எட்டுக் கணினிகளிலும் இருந்தது" என்று தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்து, முடிவில் என் பெயர், கடையின் பெயர், தொலைபேசி எண் மூன்றையும் போட்டேன். மக்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமிதம் ஒரு பக்கம், கடைக்கும் விளம்பரமாக இருக்கட்டுமே என்ற கணக்கு மறுபக்கம். இரண்டாவது காரணத்தை நான் நெடுநாள் யாரிடமும் சொன்னதில்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஏழுமலையான் பெயரிலும் சந்தோஷி மாதா பெயரிலும் அஞ்சலட்டைகள் வரும். இதை 21 பேருக்கு எழுதி அனுப்பினால் நினைத்தது நடக்கும், கிழித்துப் போட்டவர் வீட்டில் அசம்பாவிதம் நேரும் என்று அவற்றில் இருக்கும். பாட்டி 21 அட்டை வாங்கி வரச் சொல்லி என்னையே எழுதவும் வைப்பார். அட்டை 15 காசு. மூன்று ரூபாய் பதினைந்து காசுக்கு எங்கள் குடும்பம் தப்பித்தது. அந்த அட்டைகளை நினைத்துக் கல்லூரி நாள்களில் நான் சிரித்திருக்கிறேன். பாட்டி 21 பேருக்கு அனுப்பியதை நான் ஒரே சொடுக்கில் 160 பேருக்கு அனுப்பினேன் என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றும் இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோப்பை அழித்துவிட்டோம், ஆனால் ஏற்கெனவே அது செய்துவைத்த கேடு என்ன ஆவது என்ற கவலை பிடித்துக்கொண்டது. காலையில் கணினி பழுதுபார்க்கும் தம்பியை வரவழைத்தேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டி, "ஃபார்மட் அடிச்சாதான் அக்கா கேரண்டி" என்றார், அதாவது கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். ஒரு கணினிக்கு 300 ரூபாய், எட்டுக்கு 2,400. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கும் தெரியாது. நானே பயத்தோடு கூப்பிட்டு, பயத்துக்கு மருந்து கேட்டேன், தன்னிடம் இருந்த மருந்தை அவர் கொடுத்தார். கடையை இரண்டு நாள் மூடினோம். அந்த இரண்டாம் நாளில்தான் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானது. ப்ரவுசிங் சென்டர்களுக்குத் தீபாவளியைப் போன்ற நாள் அது. வாசலில் பதிவெண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி அப்பாக்களும் நிற்க, மூன்று கணினிகள்தாம் உயிரோடு இருந்தன. கூட்டம் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்கு நகர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில், புத்தம் புதிதாக விண்டோஸ் ஏற்றிய முதல் கணினியில் சும்மா ஒருமுறை தேடிப் பார்த்தேன். கரடி அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்தத் தம்பி, "சீடியிலயே வைரஸ் இருக்கும்போல அக்கா, வேற சீடி வாங்கணும்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. விண்டோஸ் குறுந்தகட்டிலேயே இருக்கிறது என்றால் அது விண்டோஸின் பகுதியாக ஏன் இருக்கக் கூடாது? கோப்பின் பெயரைத் தேடுபொறியில் தட்டினேன். முதல் பக்கத்திலேயே வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் மைக்ரோசாஃப்டும் இது புரளி, அழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தன. இணையத்தை மணிக்கு 30 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த நான் அதே இணையத்தில் ஒரு நிமிடம் தேடவில்லை. இன்றுவரை அந்த ஒரு நிமிடம்தான் என்னை உறுத்துகிறது. ஆகவே இப்படி ஒரு செய்தி வந்தால், அதில் உள்ள தனிப்பட்ட ஒரு சொல்லையோ பெயரையோ எடுத்து, பக்கத்தில் புரளி என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். செய்தியிலேயே கொடுத்திருக்கும் இணைப்பைத் தட்டிச் சரிபார்ப்பது சரிபார்ப்பே ஆகாது, சாட்சியைக் குற்றவாளியே அழைத்து வருவதைப் போன்றது அது.

பண நட்டத்தை அன்றே நோட்டில் எழுதினேன். ஃபார்மட் அடித்த கூலி 2,400 ரூபாய், இரண்டு நாள் வருமானம் சுமார் 1,800 ரூபாய். அதோடு முடியவில்லை. காமராசர் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் ஃப்ளாப்பியை நம்பாமல் தன் ஆய்வேட்டின் 112 பக்கங்களை எங்கள் ஐந்தாம் எண் கணினியில் வைத்திருந்தார். ஃபார்மட் அடிப்பதற்கு முன் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கைப்பிரதி அவரிடம் இருந்ததால் பிழைத்தோம். பக்கத்துக்கு 8 ரூபாய் வீதம் 896 ரூபாய் கொடுத்து மறுபடியும் தட்டச்சு செய்துகொடுத்தேன். ஆக 5,096 ரூபாய். அந்த மாதக் கடன் தவணை தவறியது, அம்மாவின் சங்கிலி மேலும் நான்கு மாதம் அடகுக் கடையில் இருந்தது. அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள் என்று நான் சொல்வது கணினிக்கு மட்டும் அன்று. அழி, துண்டி, மாற்று, பணத்தை எடு என்று எந்தச் செய்தி உடனே செய்யச் சொன்னாலும், ஓர் இரவு தள்ளிப்போட்டால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணிப் பாருங்கள். பதினான்கு நாள் கெடு கொடுத்த கடிதத்துக்கு நான் பதினான்கு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய நட்டம் மற்றொன்று. 160 முகவரிகளையும் நான் பெறுநர் இடத்தில் வரிசையாகப் போட்டு அனுப்பியிருந்தேன். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி. என்ற இடத்தில் போட வேண்டும் என்பது பாடத்தில் படித்ததுதான், அவசரத்தில் தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த யாரோ ஒருவன், அதே பட்டியலில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஆபாசக் கடிதங்கள் அனுப்பத் தொடங்கினான். அந்த முகவரியை அவள் வேலை விண்ணப்பங்களில் எல்லாம் எழுதியிருந்தாள், வேறு வழியின்றி அதை மூடினாள். அவளுடைய அப்பா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். "எங்க வீட்டுப் பிள்ளை பேர இத்தனை பேருக்கு ஏம்மா குடுத்த?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இன்று குழுவாக அனுப்பும்போதும், ஒருவருடைய எண்ணை மற்றொருவருக்குக் கொடுக்கும்போதும் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

மறுப்புக் கடிதம் அனுப்பினேன். "முன்பு எழுதியது தவறு, அது வைரஸ் அன்று, மன்னிக்கவும்" என்று மூன்று வரி. பதினேழு பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் நால்வர், இந்த இரண்டாவது கடிதத்தைத்தான் வைரஸ் அனுப்பியிருக்கிறது என்று எச்சரித்திருந்தார்கள்! பயமுறுத்தும் செய்தி ஓடும் வேகத்தில் மறுப்பு ஓடாது. ஆனாலும் அனுப்பத்தான் வேண்டும், அதுவும் பொதுவாக ஒன்று எழுதிவிட்டு ஓய்ந்துவிடாமல், முக்கியமானவர்களைத் தொலைபேசியில் அழைத்தோ நேரில் பார்த்தோ சொல்ல வேண்டும். நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். கோப்பை அழித்தவர்களுக்கு அதைத் திரும்பப் போடும் முறையை ஒரு தாளில் எழுதி, தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைத்தேன்.

தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொன்ன மாலையில் அவர் முகம் வாடிவிட்டது. அந்த வங்கி அதிகாரி நன்றாகப் படித்த பையன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அதே கதைதான்: எழுதியது யார் என்றே தெரியாத ஒரு கடிதத்தை, வங்கி அதிகாரிக்காக அவர் நம்பினார், அவருக்காக நான் நம்பினேன், எனக்காக 160 பேர் நம்பினார்கள். ஒவ்வொருவரும் தம் நல்ல பெயரை அந்தப் பொய்க்கு ஜாமீனாக வைத்தோம். அனுப்பியவர் நல்லவர் என்பது எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே, "உங்களுக்கு இது யார் சொன்னது, நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று அனுப்பியவரையே கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது. சார் சீக்கிரமே தெளிந்துவிட்டார். அதன் பிறகு என்ன கடிதம் வந்தாலும் என்னை அழைத்து, "இது நெசமா, இல்ல கரடி விடுறானா?" என்று கேட்பார். பில் கேட்ஸ் பணம் தருகிறார் என்ற கடிதத்துக்கும் அதே கேள்விதான்.

ஒருமுறை அவர் கேட்டது பிரிட்டனில் புற்றுநோயோடு போராடும் சிறுவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்பச் சொன்ன கடிதம். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கிரெய்க் ஷெர்கோல்டு என்ற சிறுவனுக்காக 1989இல் உண்மையாகவே அந்த வேண்டுகோள் எழுந்தது. 1990இலேயே 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்து கின்னஸ் சாதனையாயிற்று. 1991இல் அறுவை சிகிச்சை செய்து அவன் குணமடைந்தான். ஆனால் கடிதத்தில் தேதி இல்லாததால் அது அவனை ஆண்டுக்கணக்கில் நோயாளியாகவே வைத்திருந்தது. ரத்தம் தேவை, குழந்தையைக் காணவில்லை என்று இன்று வாட்ஸ்அப்பில் வருபவற்றுள் பல இந்த வகைதான். அதில் உள்ள எண்ணை அழைத்துப் பேசிவிட்டு, தேவை இன்னும் இருக்கிறது என்று உறுதியான பிறகு, அன்றைய தேதியை நீங்களே சேர்த்து அனுப்புங்கள். அழைக்க நேரம் இல்லை என்றால் அனுப்பவும் வேண்டாம்.

இப்போது நான் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையுமாக இருக்கிறேன். 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறதாம், எடுத்துக் காட்டு என்று என்னிடம் நோட்டை நீட்டியவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட நோட்டின் அம்சங்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020இலிருந்து, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். அப்படிப்பட்ட செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி தெரியும். என் கணக்கில் அது 21 பேருக்கு எழுதச் சொன்ன அட்டையின் முத்திரை. அன்றைய கடிதம் என்னை அழிக்கச் சொன்னது, இன்றைய செய்தி ஏதாவது ஒரு செயலியை ஏற்றச் சொல்கிறது, அதனால் இழப்பு இப்போது ஆயிரங்களில் நிற்பதில்லை. அப்படிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே இணையவழி மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். தாமதமானால் பணம் கைமாறிவிடும், சீக்கிரம் சொன்னால் அதை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

என் கடிதம் என்னிடமே திரும்பி வந்தது 2003இல். கோயம்புத்தூரிலிருந்து அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பியிருந்தார். நான் சேர்த்த வரி அதற்குள் வளர்ந்திருந்தது: "மதுரையில் உள்ள கணினி வல்லுநர்கள் சோதித்து உறுதி செய்துள்ளனர்." அந்த வல்லுநர்கள் நான் ஒருத்திதான். கீழே என் பெயரும் கடையின் தொலைபேசி எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அந்த எண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் அழைப்புகள் வந்தன. கடையை மூடும் நேரத்தில்தான் பெரும்பாலும் மணி அடிக்கும். கடைசியாகப் பேசியவர் திருநெல்வேலிக்காரர். "மேடம், நீங்க சொன்ன மாதிரி கரடிய அழிச்சிட்டேன், அடுத்து என்ன செய்யணும்?" என்று பணிவாகக் கேட்டார். நான் எழுதியது இல்லை, ஆனால் அனுப்பியது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் உங்கள் கணினி ஓடும், வேண்டுமென்றால் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.